ஜட்ஜ் இன்னும் எதுவும் சொல்லவில்லை

பம்மல்
20 ஆகஸ்ட் 2025

அண்ணா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உனக்கு எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏர்போர்ட்டில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே போகும்போது மட்டும் தாளைத் திருப்புகிறேன். அந்த இரைச்சலில் அத்தாவுக்குக் கேட்காது.

பதில் போட்டால் நம் வீட்டு விலாசத்துக்குப் போடாதே. பின்பக்கம் எழுதியிருப்பது ஜெரூஷா வீடு. என்னோடு பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாளே, அவள்தான். அவள் அம்மா ஞானஜோதி மிஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "புழல் ஜெயில் முத்திரையோட என் வீட்டுக்கு லெட்டர் வந்தா போஸ்ட்மேன் என்னைப் பத்தி என்னம்மா நினைப்பான்?" என்றார். மறுநாள் ஜெரூஷாவிடம், நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், வரச் சொல் என்றாராம்.

உன் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அத்தா சொல்லிவிட்டார். பள்ளிவாசல் ஜமாஅத்தில் விசாரித்தவர்களிடம் நீ பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாய் என்றார். கமிட்டியில் இருப்பவர் அல்லவா, வேறு எப்படிச் சொல்வார். ஆனால் யாரும் நம்பவில்லை. போலீஸ் உன்னைக் குட்டியானை வண்டியோடு நிறுத்தியதை மெயின் ரோட்டில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். வக்கீல் வைக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு அத்தா சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனார். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

பள்ளியில் ஒருத்தி, உன் அண்ணனுக்கு எத்தனை வருஷம் தண்டனை என்று கேட்டாள். ஜட்ஜ் எப்போது தண்டனை கொடுத்தார்? எஃப்.ஐ.ஆர். போட்டாலே தண்டனைதானா? ரிமாண்ட் என்பதுதான் தண்டனையா? அத்தா உன்னைக் குற்றவாளி என்கிறார். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது வேறு ஏதோ வார்த்தை சொன்னார், குற்றம் சாட்டப்பட்டவர் என்று. இரண்டும் ஒன்றா? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மேலே மூன்று தடவை எழுதி அடித்திருக்கிறேன், பார். பட்டறைப் பித்தளையை நீ எடுத்தாயா? எடுத்திருந்தாலும் உனக்கு எழுதுவேன். தெரிந்துகொண்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சாஹிரா


புழல்
30 ஆகஸ்ட் 2025

பாப்பா,

வ அலைக்கும் சலாம். உன் கடிதத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. அத்தாவிடம் மாட்டினால் உன் படிப்பு போய்விடும். உனக்கு இந்த வேலை தேவையா?

இங்கே வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். உன்னுடையதைப் படித்த சார், "இன்னாப்பா, கேள்வி மேல கேள்வி கேக்குது உன் தங்கச்சி, வக்கீலுக்குப் படிக்குதா?" என்றார். இதையும் அவர் படிப்பார். அதனால் பார்த்து எழுது.

நான் எடுக்கவில்லை. வால்வு கடையும்போது விழும் பித்தளைச் சீவலை மூட்டையாகக் கட்டிப் பட்டறைப் பின்னால் வைத்திருப்பார்கள். சூப்பர்வைசர் பத்ரி அண்ணன் ஃபோன் பண்ணி, அதை ஏற்றிக்கொண்டு போய் அனகாபுத்தூர் பழைய இரும்புக் கடையில் இறக்கு, முதலாளி சொல்லிவிட்டார் என்றார். முன்பும் பல தடவை இறக்கியிருக்கிறேன். டிரைவர் எதற்குக் கேள்வி கேட்கப் போகிறேன்? இந்தத் தடவை முதலாளி போலீஸுக்குப் போய்விட்டார். மூட்டை என் வண்டியில், ஸ்டியரிங் என் கையில். பத்ரி அண்ணன் நான் ஃபோனே பண்ணவில்லை என்றுவிட்டார்.

உன் கேள்விகளில் ஒன்றுக்குத்தான் எனக்கு விடை தெரியும். ரிமாண்ட் தண்டனை இல்லை. கேஸ் நடக்கிறவரை உள்ளே வைத்திருப்பது. தண்டனை வாங்கினவர்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள், அவர்களுக்கு வெள்ளை உடுப்பு. நான் விசாரணைக் கைதி, எனக்குப் போட்டு வந்த சட்டைதான். முதல் நாள் வெள்ளைச் சட்டை எங்கே தருவார்கள் என்று கேட்டேன். அறையே சிரித்தது. அப்படித்தான் இதைத் தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் பக்கத்துப் பாயில் இருக்கும் ஜாய்சன் அண்ணனைக் கேட்க வேண்டும். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெல்டர். மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார். இங்கே எங்கள் எல்லோருக்கும் அவர்தான் ஓசி வக்கீல்.

இனிமேல் எழுதாதே. படி. எழுதினால், அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

வாஜித்


பம்மல்
9 செப்டம்பர் 2025

அண்ணா,

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நேற்று என்னிடம், அங்கே தரையில் படுப்பானா, பாய் கொடுப்பார்களா என்று மெதுவாகக் கேட்டார். பாய் உண்டு என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

அவசரமாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அந்த பத்ரி நம் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் உள்ளே திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டதாகச் சொன்னார். அத்தா அதைத் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டு தலையில் கை வைத்துவிட்டார். பத்ரி சிரித்து, தீர்ப்பு இல்லை, இனிமேல்தான் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னு வையி பாய், அன்னிக்கே வூட்டுக்கு வந்துருவான். முதலாளியும் அத்தோட வுட்டுடறேன்னு சொல்லிக்கீறாரு. இல்லன்னு சொன்னா கேசு வருசக்கணக்குல இழுத்துகினே போவும். பேஜார் உனக்குத்தான்."

ஆமாம் என்றால் முடிந்துவிடுமா என்று அத்தா திரும்பத் திரும்பக் கேட்டார். முடிந்துவிடும் என்று பத்ரியும் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அத்தா, "நம்ம ஜமாஅத்லயும் அப்படித்தானே. பண்ணிட்டேன்னு சொல்லிட்டா சலாம் குடுத்து அனுப்பிடுவோம்" என்றார். அவர் முகம் இத்தனை நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிந்தது.

எனக்குத்தான் தெளியவில்லை. ஃபோனே பண்ணவில்லை என்று சொன்னவர் உனக்காக ஏன் வீடு தேடி வர வேண்டும்? வந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அத்தா சரி என்றதும் நன்றாகச் சாய்ந்துகொண்டு அம்மாவிடம் இன்னொரு டீ கேட்டார்.

நீ ஆமாம் என்று சொன்னால், செய்யாததைச் செய்தேன் என்று ஆகாதா? அதற்குப் பிறகு உன்னை என்னவென்று சொல்வார்கள்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

சாஹிரா


புழல்
18 செப்டம்பர் 2025

பாப்பா,

நீ கேட்க வேண்டாம். முடிவு பண்ணியாகிவிட்டது.

பத்ரி அண்ணன் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அத்தாவே சொல்லச் சொன்னார் என்றார். அத்தா வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வந்ததே போதும் என்று இருந்தது. அக்டோபர் பதிமூன்று, திங்கட்கிழமை, தாம்பரம் கோர்ட். ஆமாம் என்று சொல்லிவிட்டு விடுதலையாகி வந்துவிடுவேன்.

நீ பயப்படுகிற மாதிரி இதில் ஒன்றும் இல்லை. போன ரமலானில் பள்ளிவாசல் மைக் செட் புகைந்து போனது ஞாபகம் இருக்கிறதா? பையன்கள் யாரோ ஒயரை நோண்டியிருந்தார்கள். கமிட்டி எல்லோரையும் உட்கார வைத்து யார் யார் என்று கேட்டது. ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அத்தா கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு தலை குனிந்திருந்தார். நான் எழுந்து, நான்தான் என்றேன். நான் அன்றைக்குப் பள்ளிவாசலிலேயே இல்லை, லோடு எடுத்துக்கொண்டு நாவலூர் போயிருந்தேன். ஆனாலும் சொன்னேன். இஷா தொழுகைக்கு முன்னால் எல்லாம் முடிந்து, கட்டிப் பிடித்து சலாம் சொல்லிக்கொண்டோம். அதற்குப் பிறகு எவனாவது அதைப் பற்றிப் பேசினானா? கோர்ட்டும் பெரிய ஜமாஅத்துதான். ஒத்துக்கொண்டால் பெரியவர்கள் மனசு ஆறிவிடும்.

ஜாய்சன் அண்ணனும் அதையே சொல்கிறார். ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து அனுப்பிவிடுவார்களாம். அவர் முன்பு இரண்டு தடவையும் அப்படித்தான் போனாராம்.

உனக்கு நாளைக்குக் கல்யாணம் பேசும்போது அண்ணன் கேஸ் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா? அதற்குத்தான் சீக்கிரம் முடிக்கிறேன். இனிமேல் எழுதாதே. இந்தத் தடவை உண்மையாகவே சொல்கிறேன்.

வாஜித்


பம்மல்
27 செப்டம்பர் 2025

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதைக் கடைசி வரை படி.

நேற்று காலாண்டுத் தேர்வு முடிந்தது. மதியம் ஜெரூஷாவும் நானும் பஸ் பிடித்துத் தாம்பரம் கோர்ட்டுக்குப் போனோம். யூனிஃபார்மிலேயே போனோம். பணம் வாங்காமல் வழக்கு நடத்திக் கொடுக்கும் சட்டப்பணிகள் குழு அங்கே இருக்கிறது என்று ஞானஜோதி மிஸ் சொல்லியிருந்தார். வாசலில் இருந்தவர், "இன்னா, ஸ்கூலு இங்க மாத்திட்டாங்களா?" என்றார். உள்ளே ஷ்யாம்சுந்தர் என்று ஒரு வக்கீல் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதுதான், ஆனால் ரொம்பக் களைப்பாக இருந்தார். பெரியவர்கள் யாரும் இல்லாமல் வந்தால் பேச முடியாது, போய் அப்பாவை அழைத்து வா என்றார். அப்பா வரமாட்டார் என்றேன். அம்மா? அம்மாவும் வரமாட்டார். அவர் டப்பாவை மூடி வைத்தார்.

நான் தப்புத் தப்பாகக் கேட்டேன். என் அண்ணன் குற்றவாளி, பதிமூன்றாம் தேதி குற்றத்தை ஒத்துக்கொண்டு விடுதலை ஆகப் போகிறான், அது சரிதானா என்று கேட்டேன். "ஒரே வாக்கியத்துல இத்தனை தப்பா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெரூஷாதான், "சார், தப்புன்னா எதுன்னு சொல்லுங்க, அதுக்குத்தானே வந்தோம்" என்றாள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். உன் முதலாளி போலீஸிடம் போய்ச் சொன்னது புகார். அது ஒருவர் சொல்வது, அவ்வளவுதான். போலீஸ் அதைப் பதிவு செய்துகொண்டு விசாரிக்க ஆரம்பிப்பதுதான் எஃப்.ஐ.ஆர். விசாரித்து முடித்து, நாங்கள் இப்படி நம்புகிறோம் என்று போலீஸ் கோர்ட்டுக்குச் சொல்வது குற்றப்பத்திரிகை. நீ உள்ளே இருக்கிறாய், இவ்வளவு நடந்திருக்கிறது, ஆனால் அண்ணா, ஜட்ஜ் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதனால் நீ குற்றவாளி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன். நீ வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்கிற நிமிஷம்தான் குற்றவாளி ஆவாய்.

விடுதலை என்று எழுதியிருந்தாயே, அதற்கு அவர் சிரிக்கவே இல்லை. இவன் செய்தான் என்பது நிரூபணமாகவில்லை என்று ஜட்ஜ் சொல்லி அனுப்புவதுதான் விடுதலை. ஜாமீன் என்பது கேஸ் நடக்கும்போது வெளியே இருந்து வந்து போவது. நீ செய்யப் போவது இரண்டும் இல்லை. தண்டனை வாங்கிக்கொண்டு, அது கழிந்து வெளியே வருவது. மூன்று பேரும் அதே கேட் வழியாகத்தான் வெளியே வருவார்கள், அதனால் ஜெயிலில் எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிகிறது என்றார். அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாதாம். வேலை பார்க்கும் இடத்திலேயே திருடியது என்றால் ஏழு வருஷம் வரை போட இடம் இருக்கிறது.

ஜமாஅத் பற்றியும் சொன்னேன். அங்கே ஒத்துக்கொண்டால் கதவை மூடுவார்கள், இங்கே ஒத்துக்கொண்டால் எழுதி வைப்பார்கள் என்றார். நீ பாஸ்போர்ட் எடுக்கப் போனாலும் வேறு வேலைக்குப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும். என் கல்யாணத்துக்காக என்கிறாய். கேஸ் நடக்கிறவனின் தங்கை என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியும். திருடனின் தங்கை என்று, அதுவும் நீ திருடாமலே, என்னால் முடியாது.

ஜாய்சன் அண்ணன் இரண்டு தடவை ஒத்துக்கொண்டு போனார் என்றாய். அப்படியானால் மூன்றாவது தடவை ஏன் வந்தார் என்று அவரையே கேள்.

வக்கீல் வேண்டும் என்று நீதான் கேட்க வேண்டுமாம், நான் கேட்டால் செல்லாது. ஜெயிலில் எழுதிக் கொடு, இல்லையென்றால் ஜட்ஜிடம் வாயால் கேள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு கெட்ட செய்தி. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் பத்ரி நின்றிருந்தார். "இன்னா பாப்பா, கோர்ட்டாண்ட இன்னா வேல?" என்றார். ஜெரூஷா, அவள் சித்தி அங்கே டைப்பிஸ்ட், பார்க்க வந்தோம் என்று சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. "அத்தாவுக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றார்.

சாஹிரா


பம்மல்
4 அக்டோபர் 2025

அண்ணா,

போன கடிதம் உன் கைக்கு வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பதில் இல்லை. நீ கோபத்தில் போடவில்லையா, அவர்கள் கொடுக்கவில்லையா?

பத்ரி சொல்லிவிட்டார். அத்தா என் பையைத் தரையில் கொட்டித் தேடினார். உன் கடிதங்கள் எல்லாம் ஜெரூஷா வீட்டில் இருப்பதால் ஒன்றும் கிடைக்கவில்லை. கோர்ட்டுக்கு எதற்குப் போனாய் என்றார். நான் பொய் சொன்னேன். என்ன பொய் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. இன்னொரு தடவை அந்தப் பக்கம் பார்த்ததாக யாராவது சொன்னால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவேன் என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் சொன்னால் செய்துவிடுவார், உனக்குத் தெரியும்.

விடுமுறை முடிகிறவரை வெளியே போக முடியாது. இதை ஜெரூஷா டியூஷன் நோட்டு வாங்க வருகிற மாதிரி வந்து எடுத்துப் போவாள். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து புரியவில்லை என்றால் மன்னித்துக்கொள்.

பதிமூன்றாம் தேதி அத்தாவும் கோர்ட்டுக்கு வருகிறார். பத்ரி அழைத்துக்கொண்டு போகிறார். நீ ஆமாம் என்று சொல்லி அன்றைக்கே வீட்டுக்கு வருவாய் என்று அம்மா அரிசி ஊற வைப்பதைப் பற்றிப் பேசுகிறார். நான் என்ன சொல்வேன்? அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் வராதே என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், அதைத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு வராதே. இல்லை என்று சொல். வக்கீல் வேண்டும் என்று சொல். நான் கேட்டது தப்பாக இருந்து, உனக்கு இன்னும் கஷ்டம் வந்தால், அது என்னால்தான்.

சாஹிரா


புழல்
14 அக்டோபர் 2025

பாப்பா,

உன் இரண்டு கடிதமும் பத்தாம் தேதி ஒன்றாகக் கையில் கொடுத்தார்கள். நீளமானதை ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். கோபம். பதினோராம் வகுப்புப் பெண் எனக்குச் சொல்லித் தருகிறாளா என்று. பிறகு நீ கேட்கச் சொன்னதை ஜாய்சன் அண்ணனிடம் கேட்டேன். ஏன் மூன்றாவது தடவை வந்தீர்கள் என்று.

பாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார். அப்புறம், "மொத தபா நான் எடுக்கல வாஜித்து. சீக்கிரம் போவலாமேன்னு ஒத்துக்கினேன். அதுக்கப்பறம் எஸ்டேட்ல ஒரு போல்ட்டு காணோம்னாலும் மொதல்ல என் வூட்டுக் கதவத்தான் தட்றாங்க" என்றார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் இருந்தாய், கெடுப்பானேன் என்று நினைத்தேன் என்றார்.

அப்போதும் நான் முடிவு பண்ணவில்லை. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. நேற்றுக் காலை வேனில் போகும்போதுகூட ஆமாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். கூட வந்த போலீஸ்காரரிடம் மதியம் எங்கள் வீட்டு பிரியாணி என்று பேசிக்கொண்டே போனேன்.

உள்ளே போனதும் அத்தாவைப் பார்த்தேன். கடைசி வரிசை. வெள்ளைச் சட்டை. இளைத்துவிட்டார். பத்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல் என்கிற மாதிரி. அத்தா தலையை ஆட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜட்ஜ் ஒரு அம்மா. என்ன குற்றம் என்று படித்தார்கள். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒத்துக்கறியாப்பா?" என்று கேட்டார்கள்.

வாயில் ஆமாம்தான் இருந்தது பாப்பா. ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒரு ஆள் டைப் அடிக்கக் கையைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப் போகிற வார்த்தைக்காக. ஜமாஅத்தில் யாரும் அப்படிக் காத்துக்கொண்டு இருந்ததில்லை.

"வண்டி ஓட்டினது நான்தாம்மா. திருடினது நான் இல்ல" என்றேன்.

"அப்ப ஒத்துக்கலை."

"ஒத்துக்கலம்மா. எனக்கு வக்கீல் வேணும்."

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தா எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவையாவது பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அந்தப் போலீஸ்காரர், "இன்னாடா, பிரியாணின்னு சொன்ன, மறுபடியும் எங்க கூடவேவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இங்கே வந்து பாயில் படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் அம்மா பக்கத்தில் இருந்திருப்பேன். உன் மேல் கோபமா என்று கேட்டால், ராத்திரி இருந்தது. இப்போது தெரியவில்லை.

அந்த ஷ்யாம்சுந்தர் சார்தான் எனக்கு வக்கீலாம். என் ஃபோனுக்கு அன்றைக்கு யார் யார் கூப்பிட்டார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கப் போவதாகச் சொன்னார். ஜாமீன் மனுவும் போடுகிறார்.

அத்தா உன்னை ஒன்றும் செய்யவில்லையே? அதை மட்டும் உடனே எழுது.

வாஜித்


பம்மல்
2 நவம்பர் 2025

அண்ணா,

உடனே எழுத முடியவில்லை. என்ன எழுதுவது என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

அன்றைக்கு அத்தா தனியாக வந்தார். அம்மா வாசல் வரை ஓடிப் போய் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, "இல்லன்னுட்டான்" என்றார். அம்மா ஊற வைத்த அரிசியை வடித்து வைத்துவிட்டு அறைக்குள் போனார். நான் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் வந்திருப்பான் என்று மட்டும் அத்தா அடிக்கடி சொல்வார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் என்று தோன்றும்.

போன வாரம் ஞானஜோதி மிஸ் ஃபோனுக்கு ஷ்யாம்சுந்தர் சார் பேசினார். ஜாமீன் கிடைத்துவிட்டது. மூன்றாம் தேதி இரண்டு பேர் ஜாமீன்தாரராகக் கோர்ட்டுக்கு வர வேண்டும், அதில் ஒருவர் இரத்த சம்பந்தமாக இருக்க வேண்டும். இன்னொருவருக்குத் தன் சம்பளச் சான்றிதழைக் கொடுப்பதாக மிஸ் சொல்லிவிட்டார். இரத்த சம்பந்தம் என்றால் நான் சின்னப் பெண், செல்லாது. அம்மாவிடம் கேட்டால் அத்தாவைக் கேட்க வேண்டும் என்பார். அதனால் நேராக அத்தாவிடமே போனேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். பள்ளிக்கூடம் போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டுதான் வைத்தேன்.

அவர் படிக்கவில்லை, என்னைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் படித்தேன். செப்டம்பர் கடிதம் வந்தபோது என்னை நிறுத்தினார். "மைக் செட்டு அவன் இல்லியா?" என்றார். அந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். நீ அன்றைக்கு நாவலூரில் இருந்தாய் என்பதை மறுபடியும் படித்தேன்.

"அன்னிக்கு நான்தானே அங்க உக்காந்திருந்தேன். இது வரைக்கும் அவன்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

கடைசிக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவரே சொன்னார். கோர்ட்டில் பத்ரி தன் கையைப் பிடித்திருந்ததை நீ எழுதியிருந்தாய் அல்லவா, நீ இல்லை என்று சொன்னதும் அந்தக் கையை விட்டுவிட்டாராம். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தாராம். தான் வெளியே போனது உன் மேல் கோபத்தில் இல்லை, அந்த ஆள் எங்கே போகிறான் என்று பார்க்கத்தான் என்றார். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும்.

பிறகு கேட்டார். "ஜாமீன் கையெழுத்துப் போட்டா, அவன் பண்ணதுக்கு நான் பொறுப்புன்னு ஆவுதா?"

"இல்லத்தா. கூப்பிடற தேதிக்கு அவன் கோர்ட்டுக்கு வருவான்னு சொல்றீங்க. அதுக்கு மட்டும்தான் நீங்க பொறுப்பு."

"வருவான். அது எனக்குத் தெரியும்." கடிதங்களை ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, "அவன் திருடலன்னு எழுதறதுக்கு அதுல எடம் இருக்குமா?" என்றார்.

இருக்காது அத்தா, அதை ஜட்ஜ்தான் சொல்ல வேண்டும், இன்னும் நாளாகும் என்றேன்.

"அவங்க சொல்றப்ப சொல்லட்டும். நாளைக்கு நான் வாயால சொல்றேன்."

கேட்காமல் அங்கே பேசக் கூடாது, வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்து வைத்துவிட்டு, சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இதை ஷ்யாம்சுந்தர் சாரிடம் கொடுத்தனுப்புகிறேன், காலையில் கோர்ட்டில் உன் கையில் கொடுப்பார். அத்தா என்ன பேசினாலும் நாளைக்கு நீ கூண்டு ஓரமாக நின்று சிரித்துவிடாதே.

சாஹிரா